கன்னச் சிவப்பு அடங்க மாட்டேன் என்கிறது: ரோசேசியாவா, வேறு ஏதாவதா? எதை முதலில் நிறுத்துவது?

நிழல்மரம் எழுதியது:

வணக்கம். முகப் பராமரிப்பு நிலையத்துக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவருக்காகக் கேட்கிறேன். நாற்பதை ஒட்டிய வயது, மாநிறம். இரண்டு கன்னமும் மூக்கும் எப்போதும் செம்பழுப்பாகத் தெரிகின்றன. வெயிலில் போய்வந்தாலோ சூடாக எதையாவது குடித்தாலோ முகம் திகுதிகுவென்று எரிகிறது என்கிறார். கன்னத்தில் சின்னச் சின்னப் பருக்கள் உண்டு, ஆனால் அடைத்த துளைகளோ கரும்புள்ளிகளோ இல்லை. பரு என்று நினைத்து சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி சீரம், இரவில் ரெட்டினால் போடுகிறார். அசெலாயிக் ஆசிட் வாங்கிப் பூசினார், எரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டார். இவை போக நிறம் கூட்டும் கிரீம் ஒன்றும் பல மாதமாகப் பூசுகிறாராம்.

மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். அதுவரை எதை நிறுத்தச் சொல்லலாம்? மாநிறத் தோலில் சிவப்பே சரியாகத் தெரியாதபோது ரோசேசியா (முகத்தின் நடுப்பகுதி நீடித்துச் சிவக்கும் தோல்நோய்) என்று எதை வைத்துச் சந்தேகப்படுவது? எந்த மருந்து எதைச் சரிசெய்யும், எத்தனை வாரம் ஆகும்? ஃபேஷியல் செய்யலாமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தோல்குறிப்பு எழுதியது:

அடையாளம் காண்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மருந்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

முன்பு ரோசேசியாவை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: சிவப்பும் விரிந்த ரத்த நாளங்களும், பருக்கள், மூக்குத் தடிப்பு, கண் பாதிப்பு. 2002-ல் வந்த பிரிவு அது. ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும் என்பதால், 2017 முதல் வகையை விட்டுவிட்டு அறிகுறிகளைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். முகத்தின் நடுப்பகுதியில், அதாவது கன்னம், மூக்கு, தாடை, நடு நெற்றியில், நிலையான சிவப்பு இருந்து அவ்வப்போது அது கூடினால் அது ஒன்றே போதும். மூக்குத் தோல் தடித்து மேடு பள்ளமானாலும் அதுவே போதும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், திடீரென முகம் சிவந்து சூடாவது, பருக்கள், விரிந்த நுண்நாளங்கள், கண் பாதிப்பு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

மாநிறத்திலும் கருநிறத்திலும் கண்ணை மட்டும் நம்பினால் தவறவிடுவோம். அங்கே சிவப்பு செம்பழுப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். அதனால் கேள்விகள் முக்கியம். முகம் சூடாகிறதா? புதிதாக எந்தக் கிரீம் போட்டாலும் சுருக்கென்று குத்துகிறதா? கன்னம் காய்ந்து சொரசொரப்பாக இருக்கிறதா? பருவுக்கு மருந்து போட்டால் பரு கூடுகிறதா? பிறகு ஊடே பார்க்கக்கூடிய, ஓரம் வழுவழுப்பான ஒரு கண்ணாடித் தகட்டைக் கன்னத்தில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால் அது நாளங்களில் ஓடும் ரத்தத்தின் நிறம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பரு ஆறிய தழும்புக் கருமை, அதற்கு வைத்தியம் வேறு. கன்னத்தின் நிறத்தைக் காதுக்குக் கீழே உள்ள கழுத்தின் நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும்.

ரோசேசியா போலவே தோன்றுபவை பல. முகப்பருவில் அடைத்த துளைகள் இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. மூக்கோரமும் புருவத்திலும் எண்ணெய்ப்பசையோடு செதில் உதிர்ந்தால் செபோரிக் டெர்மடைடிஸ், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். மூக்கின் இரு பக்கமும் வாய்வரை இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவிட்டுக் கன்னம் சிவந்து, மூட்டுவலி, வாய்ப்புண், காரணமில்லாத களைப்பு ஆகியவையும் இருந்தால் லூபஸ் (நோய்த்தடுப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். சீழ்ப்பரு இருப்பது ரோசேசியா பக்கம் சாயும், லூபஸில் அது வழக்கமில்லை. மாதவிடாய் நிற்கும் பருவம், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், நியாசின் (வைட்டமின் பி3) ஆகியவையும் முகத்தைச் சிவக்க வைக்கும். சிவப்போடு அடிக்கடி வயிற்றுப்போக்கும் இருந்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த நிறம் கூட்டும் கிரீம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

களிம்புப்பெட்டி எழுதியது:

எதை நிறுத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். மருந்தைவிட இது முக்கியம் என்பது என் கருத்து.

ரோசேசியாத் தோலில் மேல்தடுப்பு பலவீனம். உள்ளிருந்து ஈரம் வேகமாக வெளியேறுகிறது, வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள் எளிதாக உள்ளே போகிறது. அதோடு கேத்தலிசிடின் என்ற நோய்த்தடுப்புப் புரதமும் அதை வெட்டும் நொதியும் அளவுக்கு மேல் வேலை செய்கின்றன. விளைவாக உருவாகும் எல்எல்-37 என்ற துண்டு வீக்கத்தைத் தூண்டுகிறது, நாளங்களை விரிக்கிறது. சூட்டையும் காரத்தையும் உணரும் நரம்பு முனைகளும் சீக்கிரம் தூண்டப்படுகின்றன. இந்த நிலையில் ஆசிட், ரெட்டினால், வைட்டமின் சி மூன்றையும் போட்டால் எரியாமல் என்ன செய்யும்? அசெலாயிக் ஆசிட் எரிந்ததற்கும் முக்கால் பங்கு இதுதான் காரணமாக இருக்கும். மருந்து தப்பில்லை, போட்ட நேரம் தப்பு.

நான்கு வாரத்துக்கு மூன்றே பொருள் போதும்: கழுவ ஒன்று, ஈரம் காக்க ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஸ்க்ரப், டோனர், பீல், முகமூடி, கிளிசரின் சேராத கடின சோப் எல்லாம் வெளியே. பொருட்பட்டியலில் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ், புதினா எண்ணெய், விட்ச் ஹேசல், நறுமணம், சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் வாங்க வேண்டாம். பட்டியலின் தொடக்கத்திலேயே ஆல்கஹால் என்று இருந்தாலும் வேண்டாம். ஆனால் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் என்பவை மெழுகு போன்ற கொழுப்பு வகை, அவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

கழுவும் முறை: சோப் இல்லாத க்ளென்சர், பிஹெச் 5.5-ஐ ஒட்டி. சாதாரண சோப் 9, 10 என்று இருக்கும். தண்ணீர் சூடாகவும் வேண்டாம், ஐஸ் போலவும் வேண்டாம். விரல் நுனியால் அரை நிமிடம் தடவி அலசினால் போதும். பஞ்சு, பிரஷ், துணி எதையும் வைத்துத் தேய்க்கக் கூடாது. பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவும். காலையில் வெறும் தண்ணீரே பலருக்குப் போதுமானது.

கழுவிய ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். செராமைடு, கிளிசரின், டைமெத்திக்கோன் உள்ளது நல்லது. பெயரைப் பார்த்து வாங்காமல், பட்டியல் சின்னதாக இருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு அடிப்படையில். ரசாயன வடிகட்டிகள் எல்லாருக்கும் எரியும் என்றில்லை, ஆனால் எரிகிறவர்களில் ரோசேசியாக்காரர்கள் அதிகம். மாநிறத்தில் வெள்ளை பூத்தாற்போல் நிற்கிறது என்றால் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகையை எடுக்கலாம். அது சிவப்பையும் ஓரளவு மறைக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கருமையையும் தடுக்கும். அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. பெரும்பாலோர் இதில் பாதிகூடப் போடுவதில்லை, பிறகு சன்ஸ்கிரீன் வேலை செய்யவில்லை என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. சிவப்புள்ள இடத்துக்குப் பக்கத்தில், சிவப்பில்லாத இடத்தில், மூன்று நாள் போட்டுப் பார்த்த பிறகே முகம் முழுக்க.

நிழல்மரம் எழுதியது:

மிக்க நன்றி. கிரீமைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டாசோன் என்று போட்டிருக்கிறது. ஒருநாள் போடாவிட்டால் முகம் சிவந்து அரிக்கிறதாம், போட்டதும் அடங்குகிறதாம். அதனால்தான் விடவே இல்லை என்கிறார். உடனே நிறுத்தச் சொல்லவா?

தோல்குறிப்பு எழுதியது:

சந்தேகப்பட்டது சரிதான். மோமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூவோசினோலோன் என்ற பெயர்களும் இதே கூட்டம். மங்குக்கு மருத்துவர் சில வாரத்துக்கு எழுதிக்கொடுக்கும் கலவை இது. மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, நாளங்கள் விரிந்து, ரோசேசியா போலவே பருக்கள் கிளம்பும். உள்ளுக்குள் ரோசேசியா இருந்தவருக்கு அது பல மடங்காகும். ஸ்டீராய்டு நாளங்களைச் சுருக்குவதால் பூசியதும் அடங்குகிறது. அதன் பிடி தளர்ந்ததும் நாளங்கள் முன்பைவிட அதிகமாக விரிகின்றன. அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுகிறார். சுழல் இதுதான்.

நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் எப்படி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். எவ்வளவு காலம், எவ்வளவு வீரியம் என்பதைப் பொறுத்துச் சிலர் ஒரேயடியாக நிறுத்துவார்கள், சிலர் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையான ஒன்றுக்கு மாற்றி, நாள் விட்டு நாள் என்று குறைத்து விடுவிப்பார்கள். கூடவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தருவது வழக்கம். நிறுத்திய சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகம் மோசமாகும்: சிவப்பு, வீக்கம், புதுப் பருக்கள், கடும் எரிச்சல். முழுதாக அடங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் பயந்துபோய் மறுபடி அந்தக் கிரீமுக்கே திரும்பிவிடுவார். இந்த வாரமே சந்திப்பு வாங்கித்தர முடிந்தால் அதுவே நீங்கள் செய்யும் பெரிய உதவி. கிரீம் குழாயையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள், வீசிவிட வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களில் எரிச்சலுக்குச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் முகத்தில் போட்டு, எடுத்ததும் மாய்ஸ்சரைசர். ஐஸ்கட்டியை நேரடியாக வைப்பது கூடாது, நாளம் சுருங்கி மறுபடி விரிந்து இன்னும் சிவக்கும்.

மருந்துமேசை எழுதியது:

மருந்துகளைப் பற்றி. அறிகுறிக்கு ஏற்ற மருந்து என்பதுதான் இங்கே விதி. பருவுக்கான மருந்தைப் போட்டுவிட்டு நாளம் மறையவில்லை என்று குறைப்படுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

பருக்களுக்கும் அதைச் சுற்றிய வீக்கச் சிவப்புக்கும் மூன்று பூச்சுகள். ஐவர்மெக்டின் 1% கிரீம், நாளுக்கு ஒருமுறை, இரவில். நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னங்கள் என ஐந்து இடத்துக்கும் இடத்துக்கு ஒரு பட்டாணி அளவு, மெல்லிய படலமாக. கண்ணிமை, உதடு வேண்டாம். மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணியைக் குறைக்கிறது, வீக்கத்தையும் தணிக்கிறது. இந்த உண்ணி எல்லார் முகத்திலும் உண்டு, ரோசேசியாவில் எண்ணிக்கை கூடுகிறது. அது அழுக்கால் வந்தது என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் ஓரிரு வாரம் கொஞ்சம் கூடினாற்போல் தோன்றலாம். நான்கு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப்பலனுக்கு 12 வாரம்.

மெட்ரோனிடசோல் 0.75%, நாளுக்கு இருமுறை. மென்மையானது, பழையது. இரண்டையும் 16 வாரம் ஒப்பிட்ட ஆய்வில் பருக்கள் ஐவர்மெக்டினில் 83%, மெட்ரோனிடசோலில் சுமார் 74% குறைந்தன. எனவே மெட்ரோனிடசோல் பலனில்லாத மருந்து என்று ஒதுக்க வேண்டாம். ஐவர்மெக்டின் கிடைக்காத இடத்தில் தாராளமாக அதைக் கொண்டே தொடங்கலாம்.

அசெலாயிக் ஆசிட் 15% ஜெல், இருமுறை. மாநிறத்தில் இதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு, பரு ஆறிய கருமையையும் சேர்த்து மங்கவைக்கும். கர்ப்பகாலத்திலும் மருத்துவர்கள் தயங்காமல் எழுதும் மருந்து. குறை அந்தக் குத்தல்தான். அதைக் குறைக்க: தோல் தேறிய பிறகே தொடங்கவும். கழுவியதும் போடாமல் 20, 30 நிமிடம் தோல் நன்றாகக் காயட்டும், ஈரத்தில் போட்டால் வேகமாக உள்ளிறங்கிச் சுள்ளென்று எரியும். முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு மட்டும். சில நிமிடங்களில் அடங்கும் குத்தல் சகஜம், பெரும்பாலும் சில வாரத்தில் பழகிவிடும். மணிக்கணக்கில் நிற்கும் எரிச்சலோ வீக்கமோ என்றால் நிறுத்திவிட வேண்டும்.

பூச்சு போதாதபோது டாக்சிசைக்ளின். 40 மில்லிகிராம் மெதுவாக வெளியாகும் வடிவம் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் கீழே, வீக்கத்தை மட்டும் அடக்குகிறது. கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் கவலை இதில் இல்லை. அது கிடைக்காத இடங்களில் வேறு அளவு எழுதுவார்கள். ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். இரும்பு, கால்சியம், அமிலநீக்கி மாத்திரைகளோடு சேர்த்தால் மருந்து உடலில் ஏறாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஆகாது. இதற்கும் அடங்காத பருவுக்கும் மூக்குத் தடிப்பின் தொடக்கத்துக்கும் குறைந்த அளவு ஐசோட்ரெட்டினாயின் உண்டு. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

நிலையான சிவப்புக்கு பிரிமோனிடின் 0.33% ஜெல் உண்டு, நாளங்களைத் தற்காலிகமாகச் சுருக்கும். அரைமணியில் வேலை தொடங்கி 12 மணி நேரம்வரை நிற்கலாம். ஆனால் சிலருக்கு விட்டதும் முன்பைவிட மோசமாகச் சிவக்கும், சிலருக்குப் போட்ட இடம் மட்டும் வெளிறித் திட்டாகத் தெரியும். முதலில் சிறு இடத்தில் சோதித்து, விசேஷ நாட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. ஸ்டீராய்டிலிருந்து மீளும் தோலில் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

விரிந்து நிலைத்துவிட்ட நாளங்களை எந்தக் கிரீமும் அழிக்காது. அதற்கு லேசர்தான். மாநிறத்தில் கவனம்: 532, 595 நானோமீட்டர் லேசர்களின் ஒளியைத் தோலின் மெலனினும் உறிஞ்சுவதால் சுட்டுக் கருமை விழலாம். ஐபிஎல் எனப்படும் தீவிர ஒளித்துடிப்புச் சிகிச்சையில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் ஓரளவு பாதுகாப்பானது. எதுவானாலும் சிறு இடத்தில் சோதித்துச் சில வாரம் பார்த்த பிறகே முழு முகம். வீக்கம் அடங்காமல், ஸ்டீராய்டு விட்ட சூட்டோடு லேசருக்குப் போவது பணத்துக்கும் தோலுக்கும் கேடு.

கண்ணோரம் எழுதியது:

இதுவரை யாரும் கேட்காத ஒன்று: அவருக்குக் கண் எப்படி இருக்கிறது? ரோசேசியா உள்ளவர்களில் ஏராளமானோருக்குக் கண்ணிலும் பாதிப்பு உண்டு, சிலருக்குத் தோலுக்கு முன்பே கண்ணில் தொடங்கும். மணல் விழுந்தாற்போல் உறுத்தல், வறட்சி, காலையில் இமையோரம் பொருக்கு, திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி ஆகியவற்றைக் கேளுங்கள். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதே மூலம். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம், சூடு ஆறாமல் மாற்றி மாற்றி வைத்து, பிறகு இமையை மயிர்க்கால் பக்கமாக மெதுவாக நீவி, இமையோரத்தைத் துடைக்க வேண்டும். துணியை இமை அளவுக்கு மடித்துக்கொள்ளுங்கள், சூடு கன்னத்தில் பட்டால் அங்கே சிவக்கும். வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவர். கருவிழியில் புண்ணாகும் வாய்ப்பு இருப்பதால் காத்திருக்கக் கூடாது.

களிம்புப்பெட்டி எழுதியது:

தூண்டுபவை பற்றி விட்டுப்போனது. வெயில், சூடு, மனஅழுத்தம், மது, காரம், கடும் உடற்பயிற்சி, பலத்த காற்று என்று பட்டியல் நீளம். அத்தனையையும் ஒரே நாளில் விட்டுவிடச் சொன்னால் வாழ்க்கை சுருங்கிவிடும், பலனும் இருக்காது. ஒவ்வொருவருக்கும் அதில் சிலவே பொருந்தும். இரண்டு முதல் நான்கு வாரம் ஒரு தாளில் எழுதிவரட்டும்: சிவந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது குடித்தது, வெயில், மனநிலை, பூசியது, எவ்வளவு நேரம் நின்றது. திரும்பத் திரும்ப வருவதை மட்டும் விட்டால் போதும்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை, பாவம் அது தேவையில்லாமல் பழி சுமக்கிறது. 1981-ல் வந்த ஒரு ஆய்வில் 60 டிகிரி சூட்டில் கொடுத்த காபியும் வெறும் வெந்நீரும் ஒன்றுபோலச் சிவக்கவைத்தன, 22 டிகிரியில் கொடுத்த காபி சிவக்கவைக்கவில்லை. 2018-ல் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வந்த ஆய்வில் காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே இருந்தது. ஆறவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

உடற்பயிற்சியை நிறுத்த வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், வெயில் ஏறும் முன், ஒரே மூச்சில் அல்லாமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, கழுத்தில் ஈரத்துணியோடு செய்யலாம்.

நிழல்மரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சந்திப்பு கிடைத்துவிட்டது. இமையில் பொருக்கு இருக்கிறதாம், அதையும் குறித்துவிட்டேன். ஃபேஷியல் பற்றி மட்டும் பதில் பாக்கி.

தோல்குறிப்பு எழுதியது:

இப்போது வேண்டாம். ஆவி பிடித்தல், மசாஜ், பரு பிதுக்குதல், ப்ளீச், பீல், நூலால் முடி எடுத்தல், மெழுகு எல்லாமே இந்தத் தோலுக்கு ஆகாதவை. ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் மெழுகு தோலையே உரித்துவிடும். மருத்துவர் சரி என்ற பிறகு, எரிச்சலில்லாமல் சில மாதம் கடந்தால், தேய்க்காமல் கழுவி, நறுமணமில்லாத மாய்ஸ்சரைசர் போட்டு, குளிர்ந்த ஈரத்துணி வைப்பது வரை செய்யலாம். விசேஷத்துக்கு மறைக்க வேண்டும் என்றால் பச்சைச் சாயல் ப்ரைமரை மெல்லிசாக விரலால் ஒற்றி, மேலே அவர் நிறத்துக்கான ஃபவுண்டேஷன். அடர்ந்த மாநிறத்தில் பச்சை சாம்பல் தட்டும், அங்கே மஞ்சள் சாயல் சரியாக இருக்கும். கலைக்கும்போது எளிதில் கழுவிவரும் வகையாக இருக்க வேண்டும், நீரில் அழியாத மேக்கப்பை எடுக்கத் தேய்ப்பதிலேயே மறுநாள் சிவப்பு திரும்பும்.

சந்திப்பன்று முகத்தில் மேக்கப் வேண்டாம். அதிகமாகச் சிவந்திருக்கும் நேரத்தில் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், நேராகவும் இருபக்கமும் எடுத்த படங்களைக் கைபேசியில் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவர் முன் உட்காரும்போது பலருக்கும் முகம் அடங்கியிருக்கும்.